கொஞ்சம்தான் அழுத்திப் பார்த்தேன்

1

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, எங்கள் காரை வருடாந்திரப் பரிசோதனைக்கு எடுத்துப் போனேன். நான் இருப்பது பெல்ஜியத்தில், கென்ட் என்ற ஊரில். வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இங்கே காருக்குள் தீயணைப்பான் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதோடு முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, பளபளக்கும் மேல்சட்டை. எதைக் காணவில்லை என்றாலும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, மறுபடி வா என்று அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளுக்குப் பயந்தே நாங்கள் முதல் நாள் இரவே டிக்கியைத் துடைத்து வைப்போம்.

பரிசோதித்தவர் நரைத்த மீசைக்காரர். தீயணைப்பானை வெளியே எடுத்தார். ஒரு கிலோ எடையில் சின்னதாக, சிவப்பாக, நம் வீட்டு ஃபிளாஸ்க் உயரம்தான் இருக்கும். தலையில் வட்டமாக ஒரு கண்ணாடி, அதற்குள் ஒரு முள். முள் பச்சையில் நின்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, சிவப்பில் நின்றால் இல்லை. முள் சிவப்பில் நின்றது.

"இதை நீங்கள் அழுத்தினீர்களா, அம்மா?" என்று டச்சில் கேட்டார்.

"கொஞ்சம்தான்" என்றேன். இந்த வருஷம்தான் புதிதாக வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு அழுத்து. அவ்வளவுதான்.

அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் என்பது இதில் கிடையாது. ஒருமுறை அழுத்தினால் உள்ளே இருக்கும் தூள் வந்து வாயில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு வாய் சரியாக மூடாது. அன்றைக்கு முள் பச்சையில்தான் இருந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சில நாளில் காலியாகிவிடும்" என்றார். சொல்லிவிட்டுத் தாளில் எழுத ஆரம்பித்தார்.

எனக்குத் தாள் பெரிதாகப் படவில்லை. போன தை மாதம் திருச்சியில் இன்னொரு தீயணைப்பானையும் நான் இப்படித்தான் அழுத்திப் பார்த்தேன். ஒரு கார் தீப்பிடித்தபோது அது வேலை செய்யவில்லை. அதற்காக ஒரு மனிதரை நடுரோட்டில், நாலு பேர் பார்க்கத் திருடன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறி வந்துவிட்டேன்.

அவர் பெயர் செல்வராஜ். என் அக்காவை நாலு வருஷமாக டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போன டிரைவர். அன்றிலிருந்து அவர் அக்காவுக்கு வண்டி ஓட்டவில்லை.

2

எனக்குச் சந்தேகபுத்தி. ஒளிக்க ஒன்றுமில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எதையும் சோதிக்காமல் அவர் வீட்டுக்குள் விட மாட்டார். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுவார். கேஸ் சிலிண்டரை எடை போட்டு, சீலை உரசிப் பார்த்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகே கையெழுத்து. சிலிண்டர் கொண்டுவருகிறவர் எங்கள் தெருவுக்கு வரும்போதே, "ஃபிட்டர் வீடு இருக்கு, நேரமாகும்" என்று புலம்பிக்கொண்டுதான் வருவார்.

அப்பாவை மட்டும் சொல்வானேன்? திருச்சியில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலாவது பல்பை எரித்துக் காட்டாமல் கொடுப்பார்களா? கவுண்டர் ஓரத்தில் அதற்கென்றே ஒரு ஹோல்டர் இருக்கும். கடைக்காரர் பல்பை மாட்டி, ஸ்விட்சைத் தட்டி, "பாத்துக்கங்க, எரியுதா?" என்பார். எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நாம் பர்ஸைத் திறப்போம். மிக்ஸி வாங்கினால் ஓட்டிக் காட்ட வேண்டும், ஃபேன் வாங்கினால் சுற்றிக் காட்ட வேண்டும். நாம் பழகிய வியாபாரம் அது.

கென்டுக்கு வந்த புதிதில் ஒரு பல்பு வாங்கப் போனேன். எரித்துக் காட்டச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. தெரிந்த டச்சைக் கூட்டிச் சேர்த்து, "இதற்குத் தீ வையுங்கள்" என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறேன். கடைப் பெண் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து சோதிப்பதையெல்லாம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன்.

ஆனால் இந்த நாட்டின்மேல் எனக்கு மரியாதை வந்ததும் ஒரு சந்தேகத்தால்தான். வீடு மாறினால் இங்கே பேட்டை போலீஸ்காரர் ஒருவர் வந்து, நாம் சொன்ன விலாசத்தில் நிஜமாகவே குடியிருக்கிறோமா என்று பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றார். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பிறகு குளியலறையில் தலையை நீட்டி டூத் பிரஷ் எத்தனை இருக்கிறது என்று பார்த்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அட, இவர் நம்ம ஆளு என்று நினைத்துக்கொண்டேன்.

3

அக்கா சாந்தா ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறாள். அத்தான் ரிட்டயர்டு. பிள்ளைகள் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி தில்லை நகருக்குப் போய், நாலு மணி நேரம் மிஷினில் படுத்துவிட்டு வர வேண்டும். அத்தானுக்குக் கண் சரியில்லை, அவரால் வண்டி ஓட்ட முடியாது. கோபுரத்துக்குப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்துக் கிடைத்தவர்தான் செல்வராஜ்.

சொந்த வண்டி, பழைய வெள்ளைக் கார். காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பார். டயாலிசிஸுக்கு அக்காவின் இடது கையில் ஊசி போடுகிற இடம் ஒன்று உண்டு. அந்தக் கை எதிலும் இடிக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்துக் கதவில் பழைய தலையணையைக் கட்டி வைத்திருந்தார். மிஷின் ரூமில் ஏ.சி. குளிரும். அதற்கு ஒரு போர்வையும், வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க்கும் எப்போதும் வண்டியிலேயே இருக்கும். திரும்பும்போது அக்கா பாதி மயக்கத்தில் இருப்பாள். லிஃப்ட்வரைக்கும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்.

இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் நம்பினேனா? நம்பவில்லை. இவ்வளவு நல்லவராக ஒரு டிரைவர் இருப்பானேன் என்றுதான் யோசித்தேன். அக்காவின் போனில் அவள் இருக்குமிடம் என் போனில் தெரிகிற மாதிரி செட் பண்ணி வைத்திருந்தேன். காலையில் இங்கே காபி குடித்துக்கொண்டே, ஒரு நீலப் புள்ளி காவிரிப் பாலத்தைத் தாண்டுவதைப் பார்ப்பேன்.

"மாம்பழச் சாலையில ஏழு நிமிஷம் நின்னுச்சே, என்ன?" என்று கேட்பேன்.

"சிக்னல்டி."

"ஏழு நிமிஷமா சிக்னல்?"

"கோமதி, நான் போறது ஆஸ்பத்திரிக்கு. கொஞ்சம் சும்மா இருக்கியா?"

என் மகள் யாழினியின் போனையும் அப்படித்தான் வைத்திருந்தேன். அவள் பிரஸ்ஸல்ஸில் வேலை செய்கிறாள். ஒருநாள், "ஆபீஸ் நேரத்துல ஸ்டேஷன்ல என்ன பண்றே?" என்று கேட்டேன். அன்று சாயங்காலமே அவளுடைய புள்ளி என் போனிலிருந்து காணாமல் போயிற்று. அதற்கப்புறம் அவள் அனுப்புவதெல்லாம் ஒற்றை வார்த்தைச் செய்திகள். "சரி." "பிசி." "ஞாயிறு." வாரம் தவறாமல் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிச்சம் இந்த மூன்று வார்த்தைதான்.

4

தை மாதம் நான் ஊருக்குப் போனபோது செல்வராஜின் காரில் லேசாக ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது. கேட்டேன். "ஏ.சி. போட்டா அப்படித்தாங்க்கா வரும், மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன்" என்றார். நம்புவேனா? மறுநாளே பாலக்கரைப் பக்கம் ஒரு கடையில் தீயணைப்பான் வாங்கப் போனேன்.

"டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க" என்றேன்.

"இதெல்லாம் அழுத்தக் கூடாதுங்கம்மா. முள்ளு பச்சையில இருக்கு பாருங்க, அதுதான் கணக்கு" என்றார் கடைக்காரர்.

"முள்ளு யாரு வேணும்னாலும் பச்சையில ஒட்டி வைக்கலாமே?"

"கம்பெனி சீல் இருக்குங்கம்மா."

எரித்துக் காட்ட மறுக்கிற பல்புக் கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. மறுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். வேறு கடைக்குப் போக வெயில் விடவில்லை, வாங்கிவிட்டேன். அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்குக்கு வந்ததும் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பிடியில் செருகியிருந்த பின்னை உருவி, செம்பருத்திச் செடி பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினேன். புஸ்ஸென்று வெள்ளையாக வந்தது. முள்ளைப் பார்த்தேன், பச்சையிலேயே இருந்தது. திருப்தி. பின்னைச் செருகி, அறுந்த சீலுக்குப் பதிலாக அக்காவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்து முடிச்சுப் போட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பல்பு எரித்துப் பார்த்ததை யாராவது போய் ஊருக்குச் சொல்வார்களா?

செல்வராஜ் முதலில் வேண்டாம் என்றார். "எலுமிச்சம்பழம் கட்டியிருக்குக்கா. இதைப் போய் வச்சா நாமளே நெருப்பை வான்னு கூப்பிடுற மாதிரி இருக்கும்" என்றார். எங்கள் ஊரில் இது இல்லாமல் காரே எடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். 'எங்கள் ஊர்' என்று சொன்னபோது நான் சொன்னது கென்டை. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வாங்கிக்கொண்ட பிறகு அவர் அதைத் தன் சீட்டுக்கடியில் பத்திரமாக வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி, ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது இதற்கும் ஒரு பொட்டு வைத்தார். எங்கே வைப்பார்? முகம் மாதிரி வட்டமாக இருந்தது அந்தக் கண்ணாடிதான். அதன் நடுவில், முள்ளுக்கு நேர் மேலே, பெரிதாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அதற்கப்புறம் அந்த முள்ளை யாரும் பார்க்கவில்லை.

5

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். அக்காவுக்கு மிஷின் இல்லாத நாள். அத்தான் வரவில்லை. திரும்பும்போது செல்வராஜ் காவிரிப் பாலத்தைத் தாண்டித் தென்கரை ரோட்டுக்கு வந்தார்.

"வந்த வழியே போகாம ஏன் இந்தப் பக்கம்?" என்றேன்.

"அங்க ரோடு வேலைங்க்கா. அம்மாவுக்குக் குலுங்கும்."

இதையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஜீயபுரத்தைத் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து புகை வந்தது. அடுத்த நொடி கருப்பாக, கெட்டியாக வந்தது. செல்வராஜ் வண்டியை ஓரங்கட்டி, "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினார். நான் இறங்கி ஓடினேன். ஆமாம், ஓடினேன். அக்காவால் அவ்வளவு வேகமாக இறங்க முடியாது. செல்வராஜ் பின்கதவைத் திறந்து, அவளை இரண்டு கையாலும் தூக்கி, வாழைத் தோட்ட வேலி ஓரமாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதற்கப்புறம்தான் அவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

தீயணைப்பானை எடுத்துப் பின்னைப் பிடுங்கி அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார். ஒரு பெருமூச்சு அளவுக்குக்கூட வரவில்லை. வாழைத்தார் ஏற்றிவந்த வேன் ஒன்று நின்றது. அதிலிருந்து குதித்த நாலைந்து பேர் மண்ணை வாரி இறைத்தார்கள், வாய்க்காலில் சாக்கை நனைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். ஒருவழியாக அணைந்தபோது வண்டியின் முன்பாதி கரியாகியிருந்தது.

செல்வராஜ் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பிழைப்பே அந்த வண்டிதான். அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? தண்ணீர் பாட்டிலையாவது நீட்டியிருக்கலாம். நான் போய்க் கீழே கிடந்த தீயணைப்பானை எடுத்தேன். கட்டைவிரலால் பொட்டை அழித்தேன். முள் சிவப்பில் நின்றது.

"என்ன வேலை பண்ணி வச்சிருக்க நீ?" என்றேன். நாலு வருஷமாக 'நீங்க' என்று பேசிய வாய். "நல்லதைக் கழட்டி வித்துட்டு, காலி சிலிண்டரை வச்சுட்டு, முள்ளு தெரியக் கூடாதுன்னு பொட்டு வச்சியா?"

"அக்கா, அது சாமி பொட்டுக்கா."

"சாமி பேரைச் சொல்லி ஏமாத்தாத. திருட்டு வேலை பண்றதுக்கு சாமி வேற."

வேன்காரர்களில் ஒருவர், "ஏம்மா, வண்டி எரிஞ்சு போய் நிக்கிறாரு மனுஷன். இப்பப் போய் இதைப் பேசுறீங்களே" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது, நீங்க சும்மா இருங்க" என்றேன் அவரிடம்.

வேலியோரத்திலிருந்து அக்கா, "கோமதி, வாயை மூடு" என்றாள். செல்வராஜ் ரோட்டில் போன ஒரு காரை நிறுத்தி, அக்காவை ஏற்றி, இடது பக்கம் எதிலும் இடிக்காமல் உட்கார வைக்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நான் அழுத்தியது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் ஞாபகம் வந்து, நான்தான் அதை உள்ளே தள்ளிவிட்டேனோ என்று இப்போது என்மேலேயே சந்தேகம் வருகிறது. அந்த வெள்ளை நூல் முடிச்சைக்கூடக் கையில் பிடித்துக்கொண்டுதான் கத்தினேன்.

6

மறுநாள் காலை போர்வையும் ஃபிளாஸ்க்கும் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் இருந்தன. செல்வராஜ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தலையணை மட்டும் வரவில்லை, அது புகையிலும் சேற்றிலும் வீணாகியிருக்கும்.

அத்தான் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். "நெருப்பில்லாம புகையுமா?" என்று சொல்லிவிட்டு வந்தாராம். எரிந்தது உண்மையிலேயே கார் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறம் அக்காவின் அபார்ட்மெண்டில் செல்வராஜைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று வீட்டாரும் நிறுத்திவிட்டார்கள். வண்டி பட்டறையிலிருந்து வந்து அவர் மறுபடி ஓட்ட ஆரம்பித்த பிறகும் ஸ்டாண்டில் உள்ளூர் சவாரி எதுவும் அவருக்கு வருவதில்லை என்று அக்கா சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே.

நான் கென்டுக்குத் திரும்பிவிட்டேன். அக்கா ஆட்டோவில் போக ஆரம்பித்தாள். என் போனில் நீலப் புள்ளி இப்போது தத்தித் தத்திப் போகும். ஒருநாள் அவள் இடது கை ஆட்டோக் கம்பியில் இடித்து வீங்கி, ஊசி போட முடியவில்லை. ஆடி மாதத்தில் ஒரு மழை நாளில் எந்த ஆட்டோவும் வரவில்லை, மிஷின் தவறிப்போனது. இரண்டு நாளில் உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் போனாள். அத்தான் போனில் அழுதார். நான் இங்கிருந்து, "வேற நல்ல டிரைவர் யாரையாவது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்தான் அந்த நரைத்த மீசைக்காரர் தாளில் எழுதி முடிப்பதற்குள் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து முதலில் அக்காவுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அக்கா மன்னித்துவிடுவாள், அவளே பக்குவமாகச் செல்வராஜ் காதில் போட்டுவிடுவாள், நான் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். என் புத்தி போகிற போக்கைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை யாழினி பேசியபோது அவளிடம் சொன்னேன். அவள் தன் வகுப்புத் தமிழில், "அம்மா, நீ திருடன்னு சொன்னது பெரியம்மாவையா? அவரைத்தானே? அப்ப அவரிடம்தான் சொல்ல வேண்டும்" என்றாள். அந்த மூன்று வார்த்தையைத் தாண்டி அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாளாயிற்று. அதற்கு நான் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

7

செல்வராஜுக்கு ஆறு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்தேன், வேறு எப்படி நினைப்பேன்? அக்கா சொன்னாள்: "வெளிநாட்டு நம்பர்னா இங்க எவனும் எடுக்கறதில்லடி. பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடுமாம்." பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "சனிக்கிழமை ஸ்டாண்டுக்குப் போறேன். நீ லைன்ல இரு" என்றாள்.

அத்தான் குறுக்கே விழுந்தார். "டிரைவர்கிட்ட போய் மன்னிப்பா? நாளைக்குத் தலைமேல ஏறிக்குவான். காத்து தானா இறங்கிருச்சு போலன்னு பொதுவா சொல்லிட்டு விட்டுடுங்க." எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனாள்.

போனில் ஆட்டோ சத்தம், கோயிலுக்குப் பூ விற்கிறவர்கள் சத்தம், பிறகு அக்காவின் மூச்சு வாங்குகிற சத்தம். "செல்வராஜு, கோமதி பேசணும்கறா. எனக்காக ஒரு நிமிஷம் கேளுப்பா."

"உக்காருங்கம்மா மொதல்ல. ஏன் தனியா வந்தீங்க? டேய், அந்தச் சேரை எடு" என்று அவர் குரல் கேட்டது. பிறகு என்னிடம், "சொல்லுங்க."

ஆரம்பித்தேன். "செல்வராஜ், அந்தச் சிலிண்டர்..."

"இருங்க" என்றார். "அம்மா, ஸ்பீக்கர்ல போடுங்க. நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடியே சொல்லட்டும்."

ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரோ பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு நான் சொன்னேன். "அந்தச் சிலிண்டர் கெட்டுப்போனதுக்குக் காரணம் நான். வாங்கின அன்னைக்கே கடைக்காரர் பேச்சைக் கேக்காம அழுத்திப் பாத்தேன். ஒரு தடவை அழுத்தினா அது காலியாயிடுமாம், எனக்குத் தெரியல. செல்வராஜ் எதையும் விக்கல, மாத்தல. பொட்டு வச்சது சாமிக்குத்தான். நான் சொன்னது அபாண்டம். என் வாயில போட்டு அடிச்சுக்கணும். மன்னிச்சுடுங்க."

ஸ்டாண்டில் யாரோ ஒருவர், "தான் திருடி பிறரை நம்பாள்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். இன்னொருவர் சிரித்தார். செல்வராஜ் சிரிக்கவில்லை.

"எட்டு மாசமா நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேங்க" என்றார். "சந்தனம் ஈரமா வச்சேனே, அதுல கெட்டுப்போச்சோன்னு. அம்மாவை ஏத்திட்டுப் போற வண்டி. உள்ளயே மாட்டியிருந்தாங்கன்னா? அதான் வரதுக்குக் கால் வரல எனக்கு. இத்தனை நாள் என்னையே நான் திட்டிக்கிட்டிருந்தேன்."

நான் அவரைத் திருடன் என்று சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு வரவில்லை என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அங்கே எல்லோருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அக்கா மெதுவாக, "திங்கக்கிழமை வரியாப்பா?" என்று கேட்டாள்.

"வரேம்மா. எப்பவும் போல பத்து மணிக்கு வந்துடறேன்" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க ஊருக்கு வந்தாங்கன்னா, அவங்களுக்கு வேற வண்டி சொல்லிக்கங்க. என் வண்டியில அவங்க வேணாம்."

நான் லைனில் இருக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"சரிப்பா" என்றாள் அக்கா உடனே.